பழைய டச்சுப் புத்தகம் வாங்குமுன் படங்களை எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் பழைய ஐரோப்பியப் புத்தகங்களைச் சேர்ப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். டச்சுப் புத்தகங்களுக்கென்று அரைப்பக்கம் ஒதுக்கியிருந்தது சந்தோஷம்தான், தமிழில் இதைப் பற்றி அதிகம் எழுதி நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த அரைப்பக்கத்தில் இருந்த மூன்று யோசனைகளுமே வம்பு. அட்டையில் தோல் காய்ந்திருந்தால் தேங்காய் எண்ணெய் தடவுங்கள் என்கிறது ஒன்று. முந்நூறு வருடத்துக்கு மேல் பழையது என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்கிறது இன்னொன்று. முழுப் புத்தகம் வாங்க வசதியில்லாதவர்கள் அதிலிருந்து எடுத்த படங்களைத் தனியாக வாங்கி ஃபிரேம் போட்டுக்கொள்ளலாம் என்கிறது மூன்றாவது, என்னை எழுத வைத்தது இதுதான். நான் நெதர்லாந்தின் லைடன் நகரில் வேலை பார்ப்பவன், சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பழைய புத்தகம் வாங்குகிறவன், வியாபாரி இல்லை. கடிதம் கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். புத்தகப் பராமரிப்பு தெரிந்தவர்கள் தோல் அட்டைக்கு எண்ணெயோ கொழுப்போ தடவும் பழக்கத்தை இப்போது கைவிட்டுவிட்டார்கள். தோல் கறுக்கும், எண்ணெய் உள்ளே தாளுக்கு இறங்கும், தூசி ஒட்டும், பூஞ்சைக்கும் வசதியாகிவிடும். அதைவிட, அந்தக் காலத்து டச்சுப் புத்தகங்களில் ஏராளமானவை நாம் நினைக்கிற பழுப்புத் தோலில் கட்டியவை கிடையாது, வெள்ளையாக, தந்தம் மாதிரி இருக்கும் பார்ச்மெண்டில், அதாவது பதனிடாமல் இழுத்துக் காயவைத்த விலங்குத் தோலில், கட்டியவை. அதன்மேல் எண்ணெய் பட்டால் கறை போகவே போகாது.

அடுத்தது வயது. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக் குடியரசு ஐரோப்பாவின் அச்சுக்கூடமாகவே இருந்தது. லைடனில் எல்செவியர், ஆம்ஸ்டர்டாமில் பிளாவ் என்று பெரிய குடும்பங்கள் ஒரு பக்கம், அவர்களைச் சுற்றி நூற்றுக்கணக்கான சின்ன அச்சகங்கள் இன்னொரு பக்கம், வேறு நாட்டில் அச்சிட முடியாததையெல்லாம் இங்கே கொண்டுவந்து அச்சிட்டவர்கள் வேறு. தி ஹேக்கில் இருக்கும் தேசிய நூலகம் 1540 முதல் 1800 வரையிலான டச்சு அச்சுகளுக்கு எஸ்.டி.சி.என். என்ற பட்டியலை வைத்திருக்கிறது, இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம், அதில் மட்டும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிப்புகள் இருக்கின்றன. அத்தனையும் தலா நூற்றுக்கணக்கில், சில ஆயிரக்கணக்கில் அச்சானவை. அப்படியென்றால் 1690இல் அச்சான ஒரு பிரசங்கத் தொகுப்பு, அதன் வயதை மட்டும் வைத்துப் பார்த்தால், அபூர்வமே இல்லை. அட்டை நன்றாக உள்ள பிரதியே 50, 60 யூரோவுக்குச் சந்தையில் கிடக்கும், வாங்க ஆளிருக்காது.

இதில் பெரிய ஏமாற்றம் குடும்ப பைபிள்கள்தான். 1637இல் வந்த அரசு அங்கீகார மொழிபெயர்ப்பு பிறகு மறுபடி மறுபடி அச்சானது, டோர்ட்ரெக்ட் நகரத்தில் கெயர் என்ற குடும்பம் தலைமுறை தலைமுறையாக அதையே அச்சிட்டுக்கொண்டிருந்தது. மரப்பலகை அட்டை, மேலே தோல், மூலைகளில் பித்தளை, மூடிவைக்கப் பித்தளைக் கொக்கி என்று தூக்கவே முடியாத புத்தகம். பார்த்தால் கோட்டை வாசல்! வீட்டில் இருப்பதை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் பெரிய தொகை எதிர்பார்த்து வருவார்கள், கடைக்காரர் மெதுவாக எடுத்துச் சொல்லி அனுப்புவார். கொக்கி இரண்டும் இருக்கிறதா, நிலப்படங்கள் எல்லாம் இருக்கின்றனவா, அந்தக் காலத்திலேயே வண்ணம் தீட்டியதா என்பதைப் பொறுத்து விலை பல மடங்கு மாறும். வயதுக்கு அதில் பங்கு கொஞ்சம்தான்.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? உங்கள் கட்டுரை அட்டையிலிருந்து ஆரம்பிக்கிறது. நான் உள்ளேயிருந்து ஆரம்பிப்பேன். முதல் கேள்வி, புத்தகம் முழுசாக இருக்கிறதா? அட்டை உடைந்து, முதுகு பிய்ந்து, ஆனால் எல்லாத் தாளும் எல்லாப் படமும் உள்ள பிரதி, பளபளக்கும் பிற்காலத் தோல் பைண்டிங்கில் இரண்டு வரைபடம் குறைந்த பிரதியைவிட மேல். அட்டையைச் சரிசெய்ய ஆள் இருக்கிறார்கள், போன படத்தைத் திரும்பக் கொண்டுவர ஒரே வழி இன்னொரு பிரதியைக் கிழிப்பது.

பக்க எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. அந்தக்கால அச்சகங்களில் பக்க எண் தப்பாக விழுவது சர்வசாதாரணம், 168க்குப் பிறகு 171 வந்தால் தாள் போய்விட்டது என்று பதற வேண்டியதில்லை. பக்கத்தின் அடியில் ஏ, ஏ2, ஏ3 என்று சின்னதாக எழுத்தும் எண்ணும் இருக்கும், பைண்டருக்காக அச்சகம் போட்ட அடையாளம், அந்த வரிசை அறுபடாமல் போகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த அடையாள வரிசையில் வழக்கமாக 23 எழுத்துகள்தான், ஐ, ஜே இரண்டில் ஒன்றும் யு, வி இரண்டில் ஒன்றும்தான் வரும், டபிள்யூ வராது. அது தெரியாமல் ஒரு கட்டுத் தாள் குறைகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்கள் உண்டு. இன்னொரு வசதி, ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரிக்குக் கீழே அடுத்த பக்கத்தின் முதல் சொல் அச்சாகியிருக்கும். அது அடுத்த பக்கத்தோடு பொருந்தவில்லை என்றால் அங்கே நின்று பார்க்க வேண்டும்.

படங்கள்தான் இன்னும் சிக்கல், ஏனென்றால் செப்புத்தகட்டுப் படங்கள் வேறு அச்சுப் பொறியில், வேறு தாளில் அச்சாகி, பிறகு இடையில் சேர்க்கப்பட்டவை, மேலே சொன்ன எழுத்து வரிசையில் பெரும்பாலும் அவை வராது. படம் ஒன்றை நறுக்கென்று வெட்டி எடுத்துவிட்டால் எழுத்து வரிசை ஒன்றும் சொல்லாது. பல புத்தகங்களில் முன்னாலோ பின்னாலோ பைண்டருக்கான குறிப்பு என்று ஒரு பட்டியல் இருக்கும், எந்தப் படம் எந்தப் பக்கத்துக்கு எதிரே வரவேண்டும் என்று. அதை வைத்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கலாம். பட்டியல் இல்லாத புத்தகத்துக்கு நூலகப் பிரதியோடு ஒப்பிடுவதுதான் வழி. இணையத்தில் இப்போது ஸ்கேன் செய்த பிரதிகள் நிறைய இருக்கின்றன, ஆனால் வேகமாக ஸ்கேன் செய்யும்போது மடிப்புப் படங்களைப் பிரிக்காமலே எடுத்துவிடுகிறார்கள், திரையில் ஒரு மடித்த தாளின் முதுகுதான் தெரியும். அதை வெறும் பக்கம் என்று நினைத்து ஏமாறக் கூடாது. முக்கியமாக இரண்டு தலைப்புப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள், செதுக்குப் படத்தோடு ஒன்று, வெறும் எழுத்தில் அச்சான ஒன்று. படம் உள்ளதைக் கிழித்துச் சுவரில் மாட்டுவது நேற்று வந்த பழக்கம் இல்லை.

ஒரே வருடம், ஒரே அச்சகம் என்று தலைப்புப் பக்கத்தில் இருந்தாலும் இரண்டு பிரதிகள் வேறு வேறு பதிப்பாக இருக்கலாம், எழுத்துகளை மறுபடி கோத்து அச்சிட்டிருப்பார்கள். எஸ்.டி.சி.என். பட்டியலில் இதற்கு ஒரு அழகான வழி வைத்திருக்கிறார்கள். அடியில் உள்ள அந்த அடையாள எழுத்துக்கு நேர் மேலே, கடைசி வரியில் எந்த எழுத்துகள் நிற்கின்றன என்று சில பக்கங்களில் குறித்துவைப்பார்கள், அதற்குக் கைரேகை என்றே பெயர். மறுபடி கோத்தால் அந்த இடம் ஒரு முடியளவாவது நகர்ந்துவிடும். கையில் இருக்கும் பிரதியின் கைரேகை ஒத்துப்போகிறதா என்று அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம், எந்த நிபுணரையும் கூப்பிட வேண்டியதில்லை.

இப்போது அட்டைக்கு வருகிறேன். பார்ச்மெண்ட் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப விரியும், சுருங்கும். அட்டை வில்லாக வளைந்திருந்தால் புத்தகம் எங்கோ ஹீட்டர் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது என்று ஊகிக்கலாம், பெரிய குறை இல்லை. முதுகும் அட்டையும் சேரும் மூட்டில், பார்ச்மெண்டுக்கு வெளியே தைப்புப் பட்டைகள் நுழைந்து வெளிவந்து நுழைகிற இடம் சில பைண்டிங்குகளில் தெரியும், அது அறுந்திருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் அட்டையைப் பிடித்திருப்பது. முன்னால் கட்டிவைக்கப் பச்சைப் பட்டு நாடாக்கள் இருந்திருக்கும், நூற்றில் தொண்ணூறு பிரதியில் துளை மட்டும்தான் மிச்சம், அதற்காக விலை குறைக்கச் சொன்னால் கடைக்காரர் சிரிப்பார். அப்புறம், அட்டையின் நடுவே ஒரு நகரத்தின் சின்னம் தங்கத்தில் பதித்திருந்தால் அது பரிசுப் புத்தகமாக இருக்கலாம், லத்தீன் பள்ளிகளில் நன்றாகப் படித்த பையன்களுக்கு நகர நிர்வாகம் கொடுத்தது. உள்ளே பையன் பெயரும் தலைமையாசிரியர் கையெழுத்தும் கொண்ட சான்றிதழ்த் தாள் இருந்தால் மதிப்பு தனி. பல பிரதிகளில் அதைக் கிழித்துவிட்டார்கள், ஏன் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. புத்தகம் என்னவோ பெரும்பாலும் யாரும் படிக்காத ரோமானிய வரலாறுதான், பிரிக்காத மாதிரியே இருக்கும், பரிசாக வந்த புத்தகத்தைப் பிள்ளைகள் அன்றும் படிக்கவில்லை போலிருக்கிறது.

தாளைப் பற்றிச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், 1650இன் தாள் 1890இன் தாளைவிட நன்றாக இருக்கும். பழையது லினன் கந்தையிலிருந்து கையால் எடுத்தது, எலும்பு, தோல் பசையில் முக்கியது, புரட்டினால் சலசலவென்று சத்தம் வரும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மரக்கூழ் வந்த பிறகுதான் பழுத்து நொறுங்கும் தாள் வந்தது. ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே ஸான் ஆற்றுப் பக்கம் காற்றாலைகளிலேயே தாள் செய்தார்கள், கந்தையை அரைக்கும் யந்திரத்துக்கு இன்றும் உலகம் முழுக்க ஹாலண்டர் என்றுதான் பெயர். வெஸ்ட்ஸான் ஊரில் 1692இல் கட்டிய காற்றாலை ஒன்று இன்னும் தாள் செய்கிறது, வருகிறவர்கள் தவறாமல் போய்ப் பாருங்கள். இந்தத் தாளில் இரண்டு மூன்று குறைகள்தான் அடிக்கடி வரும். பழுப்புப் புள்ளி, அது கண்ணுக்குத்தான் குறை, படத்தின் முகத்தில் விழாதவரை பரவாயில்லை. தண்ணீர்க் கறை, அலைபோல ஓரம் கட்டி நிற்கும், அதுவும் காய்ந்த கறை என்றால் சமாளிக்கலாம். ஆனால் கறையுள்ள இடம் பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தாலோ, ஊதாவோ கறுப்போ படர்ந்து மூக்கைத் துளைக்கும் வாடை வந்தாலோ வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், அது பூஞ்சை, வீட்டில் இருக்கும் மற்றப் புத்தகங்களையும் பிடிக்கும். புழுத்துளை ஓரத்தில் இருந்தால் ஒன்றும் இல்லை, எழுத்தைத் தின்றிருந்தால் விலையில் கழிக்க வேண்டும்.

சந்தேகப்பட வேண்டியது ரொம்ப வெள்ளையான தாளைத்தான். கறை போகக் கழுவியிருப்பார்கள். கழுவிய தாளில் பசை போய்விடும், சலசலப்பு இருக்காது, துணி மாதிரித் தொங்கும்.

ஓரம் வெட்டியதும் அப்படித்தான். ஒவ்வொரு தடவை மறுபடி பைண்டிங் செய்யும்போதும் பைண்டர் மூன்று பக்கமும் கொஞ்சம் வெட்டுவார், மூன்றாவது தடவையில் பக்கத்தின் மேல் வரியும் ஓரக் குறிப்பும் போய்விடும். எல்செவியர் வெளியிட்ட உள்ளங்கையளவுப் புத்தகங்களுக்கு 19ஆம் நூற்றாண்டில் ஒரு பைத்தியமே பிடித்திருந்தது, சேகரிப்பவர்கள் அளவுகோலோடு கடைக்கு வந்து உயரத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து, இரண்டு மில்லிமீட்டர் கூடியதற்கு அதிகம் கொடுத்தார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். வரைபடத்தின் ஓரக்கோடு முழுதாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

வண்ணம் என்றால் மயங்குகிறோம். பிளாவ் குடும்பத்தின் பெரிய அட்லஸ், 1662இல் லத்தீனில் 11 தொகுதியாக வந்தது, பணம் உள்ளவர்கள் வண்ணம் தீட்டிய பிரதி கேட்டு வாங்கினார்கள். அந்தப் பச்சை செம்பிலிருந்து செய்தது. காலப்போக்கில் அது தாளையே அரித்துவிடும். வரைபடத்தைத் திருப்பிப் பாருங்கள், பச்சை இருந்த இடத்தில் பின்பக்கம் பழுப்பேறியிருக்கும், முற்றிப்போனதில் கோட்டோடு கோடாக வெடித்திருக்கும். பின்பக்கம் பளிச்சென்று வெள்ளையாக, முன்பக்கம் மட்டும் கொழுகொழுவென்று வண்ணம் என்றால் அது அண்மையில் யாரோ வாட்டர் கலரில் தீட்டியதாக இருக்க வாய்ப்பு அதிகம். கறுப்பு வெள்ளையாகவே இருந்த பயணநூல் படங்களுக்கு இப்படி வண்ணம் பூசி இரட்டிப்பு விலைக்கு விற்கிறார்கள். உங்கள் கட்டுரையோடு அச்சான, நம் கடற்கரையைக் காட்டும் படமும் அந்த ஜாதிதான் என்று எனக்குச் சந்தேகம்.

அந்தப் படத்தை இன்னொரு தடவை பாருங்கள், நடுவில் செங்குத்தாக ஒரு மடிப்பு இருக்கிறது, மடிப்பின் அடியில் சின்னதாக ஒரு கிழிசல். புத்தகத்துக்குள் மடித்துத் தைத்திருந்த படம் அது. நம் கடற்கரையைப் பற்றிய பழைய டச்சுப் புத்தகங்கள் ஒன்றும் அவ்வளவு அதிகமில்லை. பழவேற்காட்டில் பத்து வருடம் பாதிரியாராக இருந்த ஆபிரகாம் ரொஜேரியஸ் எழுதியது, அவர் இறந்த பிறகு 1651இல் இங்கே லைடனில் அச்சானது. 1658 முதல் 1665 வரை யாழ்ப்பாணத்தில் இருந்த பிலிப்புஸ் பால்தேயஸ் எழுதியது 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வந்தது, மலபாரும் சோழமண்டலக் கரையும் ஒரு பகுதி, இலங்கை ஒரு பகுதி, நம் தெய்வங்கள் பற்றி அவருக்குப் புரிந்தது ஒரு பகுதி. யாழ்ப்பாணத்துத் தேவாலயங்கள் பலவற்றுக்குப் படம், தூத்துக்குடிக்கு, நாகப்பட்டினத்துக்கு, தமிழ் எழுத்துகளுக்குப் படம் என்று உள்ளே இருப்பதே அதற்கு ஆபத்தாகிவிட்டது. டானியல் ஹாவார்ட் சோழமண்டலத்தைப் பற்றி எழுதியது 1693. பிரான்சுவா வாலன்டைன் கிழக்கிந்தியப் பகுதிகளைப் பற்றி எழுதியது 1724 முதல் 1726 வரை, பெரிய பெரிய தொகுதிகள். கேரளத்துச் செடிகளைப் பற்றிய ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ் 1678 முதல் 1693 வரை 12 தொகுதி, எழுநூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். இவற்றையெல்லாம் முழுசாக வாங்கி, பிரித்து, ஒவ்வொரு படமாக விற்றால் முழுப் புத்தகத்தின் விலையைவிட அதிகம் வருகிறது என்பதுதான் கணக்கு. எழுத்துள்ள தாள்களை என்ன செய்கிறார்கள் தெரியுமா? யாருக்கும் வேண்டாம்.

ஆகவே படத்தைத் தனியாக வாங்கும் ஒவ்வொருவரும் அடுத்த பிரதியைப் பிரிப்பதற்குக் காசு கொடுக்கிறார்கள். முன்பே உடைந்துபோன புத்தகத்திலிருந்து வந்தது என்று விற்பவர் சொல்வார், சில நேரம் உண்மையாகவும் இருக்கும், ஆனால் அதைச் சோதிக்க நமக்கு வழி கிடையாது. நூலக முத்திரை இருந்து, கழிக்கப்பட்டதற்கான இன்னொரு முத்திரை இல்லாவிட்டால் இன்னும் மோசம், திருட்டாக இருக்கலாம். சுவருக்குப் படம்தான் வேண்டும் என்றால் நூலகங்கள் பதிவேற்றியிருக்கும் கோப்பை எடுத்து நல்ல தாளில் அச்சிட்டு மாட்டுங்கள், பத்தடி தள்ளி நின்று பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. குறைந்த காசில் அசல்தான் வேண்டும் என்றால் படமில்லாத, பார்ச்மெண்ட் அட்டை போட்ட அந்தப் பிரசங்கத் தொகுப்பை வாங்குங்கள், முழுசாகக் கிடைக்கும்.

நெதர்லாந்துக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆகஸ்ட் மாதம் முதல் ஞாயிறு டெவென்டர் ஊரில் ஆற்றங்கரையையும் தெருக்களையும் சேர்த்து ஆறு கிலோமீட்டருக்குப் புத்தகக் கடை போடுகிறார்கள். அங்கே பெரிய அபூர்வம் கிடைக்கும் என்று போக வேண்டாம், கையில் எடுத்துப் புரட்டிப் பழக அதைவிட நல்ல இடம் இல்லை. லைடனிலும் ஹார்லெமிலும் புத்தக ஏலம் நடத்தும் நிறுவனங்கள் ஏலத்துக்கு முன் சில நாள் பார்வைக்கு வைப்பார்கள், வாங்காதவர்களும் போய் எடுத்துப் பார்க்கலாம், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஏலத்தில் எடுப்பதானால் விலைக்கு மேல் 25, 30 சதவீதம் கட்டணம் சேரும் என்பதை மனத்தில் வைத்துக் கேளுங்கள், பல புத்தகங்களை ஒன்றாகக் கட்டி விற்கும் லாட்டுகளில் படம் குறைந்தது என்று பெரும்பாலும் திருப்பித் தரவும் முடியாது.

சென்னையில் இருந்தபடி இணையத்தில் வாங்குகிறவர்கள், நல்ல பிரதி, வயதுக்கேற்ற தேய்மானம் என்ற சொற்களை நம்பாதீர்கள், அவற்றுக்கு அளவே கிடையாது. தலைப்புப் பக்கம் இரண்டும், இரண்டு மூட்டும், முதுகின் மேலும் கீழும், மிக மோசமான கறை உள்ள பக்கம், மடிப்பு வரைபடங்களை விரித்த நிலையில், பின்பக்கத்தோடு, இவ்வளவுக்கும் படம் கேளுங்கள். எல்லாப் படமும் எண்ணிச் சரிபார்க்கப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள், குறைந்தால் திருப்பி எடுப்பார்களா என்பதையும் சேர்த்து. ஒழுங்கான பழம்புத்தக வியாபாரி இதற்குக் கோபப்பட மாட்டார், இரண்டு நாளில் படங்கள் வந்துவிடும். வந்து சேர்ந்த பிறகு பிளாஸ்டிக்கில் சுற்றி அலமாரியில் பூட்டாதீர்கள், சென்னை ஈரத்தில் உள்ளேயே பூஞ்சை பிடிக்கும். காற்றோட்டமுள்ள அலமாரியில், வெளிச்சுவரில் ஒட்டாமல், இரண்டு பக்கமும் அதே உயரப் புத்தகங்கள் நெருக்கமாக நிற்கும்படி வையுங்கள், பார்ச்மெண்ட் வளையாமல் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
லைடன், நெதர்லாந்து